சீனிராஜோட அண்ணனுக்கு முடி வளந்தது

தம்பி, கூச்சப்படாதீங்க. போனை உச்சந்தலைக்குப் பின்னால தூக்கிப் பிடிச்சு ஒரு படம் எடுத்தீங்க, அதப் பெருசாக்கிப் பாத்தீங்க, பெறவு அழிச்சிட்டீங்க. பக்கத்து சீட்ல இருக்கவனுக்குத் தெரியாமயா இருக்கும். நான் ஒண்ணும் நெனைக்கல. மதுரைக்கு இன்னும் நேரம் கெடக்கு, சாத்தூரே தாண்டல. ஒரு விஷயம் சொல்லுதேன், கேட்டுக்கிட்டு வாங்க.

என் தலையப் பாக்காதீங்க. எல்லாரும் மொதல்ல இதத்தான் பாப்பாங்க. இது எங்க அம்மா வழி. முடிவெட்டப் போனா, "ஒங்களுக்கு வெட்டுத நேரத்துல ரெண்டு பேருக்கு வெட்டிருவேன் அய்யாத்துரை"ன்னு கடைக்காரர் சலிச்சுக்கிடுவாரு. பெருமைக்குச் சொல்லல. நமக்கு அந்தப் பெருமையெல்லாம் கெடையாது.

சீனிராஜ்னு ஒரு பையன். கோவில்பட்டியில ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில பேக்கிங் சூப்பர்வைசர். அதே கம்பெனிக்குத்தான் நான் லோடு ஆட்டோ ஓட்டுதேன். சொந்த ஊரு அவனுக்கு எட்டயபுரம் பக்கம், அம்மா மட்டும் அங்க இருக்காங்க. இவன் எங்க வீட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தான். என்னைய அண்ணேம்பான், எங்க வீட்டுக்காரிய மதினிம்பான். இத ஞாபகம் வச்சுக்கோங்க. என்னைய அவன் அண்ணேன்னுதான் கூப்பிடுவான். அதனால பின்னால நடந்ததப் பொய்யின்னு யாராவது சொன்னா, முக்காவாசி உண்மைன்னுதான் நான் சொல்லுவேன்.

வேலைக்குச் சேரும்போது அவன் தலை நல்லாத்தான் இருந்துச்சு. இருவத்தஞ்சு வயசு தாண்டல, நெத்தியில ரெண்டு பக்கமும் கடல் உள்ள வந்த மாதிரி வந்துருச்சு. நடுவுல ஒரு கொத்து மட்டும் தீவு மாதிரி நின்னுச்சு. அந்தக் கொத்த நீளமா வளத்து, எடப்பக்கம் இருந்து வலப்பக்கம் இழுத்து, எண்ணெய் வச்சு ஒட்டிக்கிடுவான். கண்ணாடி முன்னால நிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். என் பைக்ல பின்னால உக்காந்தா காத்துல அது டிபன்பாக்ஸ் மூடி மாதிரி தொறந்துக்கிடும். "அண்ணே, மெதுவாப் போங்க"ம்பான். சைக்கிள்காரன் எங்கள முந்திக்கிட்டுப் போவான். பெறவு தொப்பி போட ஆரம்பிச்சான். கம்பெனிக்குள்ள எல்லாருமே தலைக்கு உறை மாட்டித்தான் வேலை பாக்கணும், அங்க பிரச்சினையில்ல. கம்பெனி கேட்டத் தாண்டுனா தொப்பி.

அவன் மொகத்தப் பாக்கச் சகிக்காம நான்தான் வைத்தியத்துல எறங்குனேன். எனக்கு என்ன தெரியும்னு கேக்காதீங்க, முடி இருக்கவனுக்குத்தான முடியப் பத்தித் தெரியும். சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னேன். தேய்ச்சான். ரெண்டு வாரத்துல திருநெல்வேலிக் கடைக்காரர் ஒருத்தர் கம்பெனிக்குப் போன் பண்ணி, "மிட்டாய்ல வெங்காயம் சேக்குதீங்களா"ன்னு கேட்டாரு. நிறுத்திட்டோம். வெளக்கெண்ணெய் நல்லதுன்னேன். வெளக்கெண்ணெய் பிசுபிசுன்னு இருக்குமா, அவன் வேலை பாக்குத எடத்துல வெல்லத்தூள் பறக்குமா, உறையையும் மீறி ஒட்டிக்கிச்சு. ஒருநாள் கேண்டீன்ல தொப்பியக் கழட்டுதான், உள்ள எறும்பு வரிசையாப் போகுது. என் வைத்தியத்துல தப்பு இல்ல தம்பி. அந்த வேலை அவன் முடிக்கு ஒத்துக்கல.

கடைசியில தோல் டாக்டர்கிட்டப் போனான். அவரு, "இது வம்சத்துல வாரது. இருக்கதக் காப்பாத்தலாம், போனதுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்"னுட்டு, தலையில போட ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. நம்ம தெருவுல வாங்குனா ஊரு பூராத் தெரிஞ்சிரும்னு, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன்னு ஒருத்தர் மருந்துக்கடை வச்சிருக்காரு, அங்க போயிருக்கான். கவுண்டர்ல நின்னது அவரு மக. செல்வரதின்னு பேரு, மருந்துப் படிப்பு படிச்ச பிள்ளை.

சீட்ட வாங்கிப் பாத்துட்டு, "யாருக்கு சார்?"னு கேட்டிருக்கு.

நம்மாளு வெடுக்குன்னு, "எங்க அண்ணனுக்கு"ன்னுட்டான்.

அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தைதான். அவனுக்கு அண்ணனும் கெடையாது தம்பியும் கெடையாது, ஒத்தைக்கு ஒரு பிள்ளை.

அடுத்த தடவை போனா, "ஒங்க அண்ணனுக்கு அரிப்பு ஏதும் இருக்கா? ஆரம்பத்துல கொஞ்சம் கூடக் கொட்டும், பயந்து நிறுத்திறச் சொல்லாதீங்க"ன்னு அக்கறையா சொல்லியிருக்கு. இவன், "ரொம்பக் கொட்டுதுங்க. தலையணையப் பாத்துட்டு அண்ணன் பேசாம உக்காந்திருக்காரு"ன்னு சொல்லிட்டு வந்தான். அது இவன் தலையணைதான், இவன் உக்காந்திருந்ததுதான். எல்லாத்தையும் அண்ணன் மேல போட்டுச் சொல்லுததுக்கு அவனுக்கு வாய் வந்துருச்சு. அண்ணன் விசேஷ வீட்டுக்குப் போறதில்ல. அண்ணன் குரூப் போட்டோவுல பின்னால போய் நிக்காரு. அண்ணன் சலூன் கண்ணாடியப் பாக்க மாட்டாரு. இதயெல்லாம் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல தம்பி. தெனமும் ஒண்ணாத்தான் டீ குடிப்போம். அந்தப் பிள்ளைகிட்டத்தான் சொல்லியிருக்கான், அதுவும் அண்ணன் பேரச் சொல்லி.

அந்தப் பிள்ளையும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. "அண்ணனுக்காக இவ்ளோ அலையுத தம்பிய நான் பாத்ததில்ல"ன்னு சொல்லியிருக்கு. அன்னைக்கு மாடிப்படி ஏறும்போது அவன் நடையே வேற. மருந்து தீரவே இல்ல, அதுக்குள்ள அடுத்த பாட்டில் வாங்கப் போயிருவான். ரூம்ல ஜன்னல் பூரா பாட்டில்.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் மூஞ்சி வெளுத்து வந்தான்.

"அண்ணே, அவங்க அண்ணனக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க."

"எந்த அண்ணன?"

"எங்க அண்ணன. மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு நேர்ல பாக்கணுமாம். நீங்க வரணும்ணே."

"லே, என் தலையப் பாத்தா அடிப்பாங்க."

"துண்டு கட்டிக்கோங்க. அவுக்காதீங்க. பரவால்லம்மா, எனக்கு மனசு ஆறிருச்சு, இனிமே மருந்து வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க. அதோட அண்ணன் கதைய முடிச்சிட்டு நான் என் கதைய ஆரம்பிச்சுக்கிடுதேன்."

நல்ல திட்டந்தான். நான் துண்டு கட்டிக்கிட்டுத்தான் போனேன். சித்திரை வெயில். கடையில ஃபேன் ஓடல. அந்தப் பிள்ளை என்னையப் பாத்த பார்வை இருக்கே, ஆஸ்பத்திரியில கெடக்கவனப் பாக்குத மாதிரி பாத்துச்சு. "ஒக்காருங்கண்ணே, கவலைப்படாதீங்கண்ணே, முடியெல்லாம் ஒரு விஷயமே இல்லண்ணே"ன்னுச்சு. என்னையப் பாத்து. முடியப் பத்தி என்னையப் பாத்து ஒருத்தர் ஆறுதல் சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்கு உள்ள என்னமோ செஞ்சிச்சு. வேர்க்கவும் வேர்த்துச்சு. துண்ட அவுத்துட்டேன். வேர்த்ததுனாலதான் அவுத்தேன் தம்பி. சீனிராஜ் இன்னைக்கு வரைக்கும் நம்ப மாட்டேங்கான்.

பிள்ளை வாயப் பொத்திக்கிச்சு. "அப்பா, இங்க வாங்க"ன்னு ஒரு குரல் குடுத்துச்சு.

உள்ள இருந்து ஆவுடையப்பன் வந்தாரு. அவரு தலையச் சொல்லணும். காதுக்கு மேல சுத்தி ஒரு விரக்கடை முடி, மத்தது பூரா வெட்டவெளி. அவரு கண்ணாடியப் போட்டாரு, கழட்டுனாரு, தொடைச்சுப் போட்டாரு. கேட்டுட்டுத் தொட்டாரு. பெறவு கேக்காமயே இழுத்துப் பாத்தாரு.

"எவ்ளோ நாளா போடுதீங்க?"

சீனிராஜ் என்னையப் பாக்கான். நான் என்ன சொல்ல? பெரிய மனுசன் கேக்காரு. "ஆறு மாசமா"ன்னேன்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. "இருவத்தாறு வயசுல போச்சு எனக்கு. கடையிலயே இருக்கு மருந்து. நான் நம்பலயே"ன்னாரு. அன்னைக்கு மத்தியானமே ஆரம்பிச்சிட்டாரு.

பெறவு பாருங்க, நான் வேண்டாம்னாலும் பேரு பரவிருச்சு. ஆட்டோ ஸ்டாண்டுல ஆளு தேடி வாராங்க. கல்யாணம் நிச்சயமான பையங்க, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தரு, சவுண்ட் சர்வீஸ்காரரு. வந்து, "குனிங்க அண்ணாச்சி"ம்பாங்க. குனிவேன். ஒருத்தன் போட்டோ எடுத்துக்கிட்டான். மருந்து மட்டும் போதுமா அண்ணாச்சின்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா நல்லாருக்காதுல்லா, நானும் நாலு விஷயம் சேத்துச் சொல்லுவேன். காலையில வெறும் வயித்துல வெந்தயம், குளிச்சதும் கெழக்கப் பாத்துத் துவட்டுதது, இந்த மாதிரி. சீனிராஜ்தான், "அண்ணே, போதும்ணே"ன்னு கெஞ்சுவான். அவனுக்காகத்தான நான் இவ்ளோ பாடும் பட்டேன், அது அவனுக்குப் புரியல.

அவன் தலையில ஒண்ணும் வளரல. கொட்டுதது நின்னுச்சு, அவ்ளோதான். டாக்டர் சொன்ன மாதிரியேதான். ஆனா அந்தப் பிள்ளைக்கும் அவனுக்கும் பேச்சு வளந்துருச்சு. ஒருநாள் அது கேட்டிருக்கு, "ஒங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பெறவுதான ஒங்களுக்குப் பாப்பாங்க?"ன்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டிருக்கு. இவனுக்குச் சந்தோஷத்துல மூளை வேலை செய்யல. "ஆமா"ன்னுட்டு வந்துட்டான்.

எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க, தம்பி.

அடுத்த ஞாயித்துக்கிழமை. நான் வீட்டுக்குப் பின்னால ஆட்டோவக் கழுவிட்டு இருக்கேன். வாசல்ல ஆவுடையப்பன் அண்ணாச்சி, அவரு தங்கச்சி, செல்வரதி மூணு பேரும் வந்து எறங்கியிருக்காங்க. தங்கச்சி கையில ஒரு தாம்பாளம், வாழைப்பழம், பூ. தங்கச்சிக்குக் கல்யாண வயசுல ஒரு மக இருக்கு. எங்க வீட்டுக்காரி முருகலெட்சுமி கரண்டியோட வந்து கதவத் தொறந்திருக்கா.

"யாரப் பாக்கணும்?"

"மாப்பிள்ளையப் பாக்க வந்தோம்மா."

"எந்த மாப்பிள்ளைய?"

"அய்யாத்துரை தம்பிய. சீனிராஜோட அண்ணன். நீங்க அவருக்கு அக்காவா?"

அவ கத்தல. சத்தம் போட்டிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும். "உள்ள வந்து உக்காருங்க. மாப்பிள்ளை வண்டி கழுவுதாரு, வரச் சொல்லுதேன்"னு சொல்லிட்டு, எங்க மூத்த பிள்ளையக் கூப்பிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்கன்னு அப்பாட்டச் சொல்லு"ன்னா. பிள்ளை ஓடி வந்து அதே வார்த்தைய அப்படியே சொல்லுச்சு. கைலியோட ஈரக்கையோட உள்ள போறேன், அந்தக் கூட்டம் உக்காந்திருக்கு.

எல்லாருக்கும் காப்பி வந்துச்சு. எனக்கு வரல.

"இவருதான் மாப்பிள்ளை"ன்னா முருகலெட்சுமி. "பிள்ளைங்க ரெண்டும் இவருதுதான். நானும் இவருக்குத்தான் பொண்டாட்டி. மத்தபடி வேற கொறை இல்ல."

அண்ணாச்சியோட தங்கச்சி தாம்பாளத்த மெதுவா தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்குததுக்குள்ள மாடிப்படியில சத்தம். சீனிராஜ் வந்தான். தொப்பி கையில இருந்துச்சு. எண்ணெய் வச்சு ஒட்டவும் இல்ல, அந்தக் கொத்து பாட்டுக்கு ஒரு பக்கமாத் தொங்குது. அவன் அப்படி வெளிய வந்து நான் பாத்ததே இல்ல.

"எனக்கு அண்ணன் கெடையாதுங்க"ன்னான். "மருந்து எனக்குத்தான். இவரு கீழ் வீட்டுக்காரரு. இவருக்குப் பொறந்ததுல இருந்தே இப்படித்தான் முடி. தலையணையப் பாத்து உக்காந்திருந்தது, போட்டோவுல பின்னால நின்னது, எல்லாம் நான்தான். ஒங்ககிட்ட என் பேருல சொல்ல முடியல."

ஆவுடையப்பன் அண்ணாச்சி அவன் தலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. "எவ்ளோ நாளா போடுத?"

"பத்து மாசம் இருக்கும் அண்ணாச்சி. இருந்தது அப்படியே இருக்கு. புதுசா ஒண்ணும் வரல."

அண்ணாச்சி தன் பின்னந்தலையக் கையால ஒருதடவை தடவிப் பாத்தாரு. "அப்ப எனக்குப் பின்னால கொட்டுனது?"ன்னு என்னையப் பாத்துக் கேட்டாரு. நான் செவுத்துல இருந்த காலண்டரப் பாத்துக்கிட்டேன்.

செல்வரதி எந்திரிச்சுச்சு. போயிரும்னு நெனச்சேன். சீனிராஜும் அப்படித்தான் நெனச்சான், வழி விட்டு ஒதுங்குனான்.

"ஒங்களுக்கு முடி இல்லன்னா எனக்கென்ன"ன்னுச்சு. "நான் எங்கப்பாவப் பாத்து வளந்தவ. எனக்கு முடி இல்லாத தலையப் பாத்தாத்தான் வீட்டு ஆளு மாதிரி இருக்கும். அது இல்ல என் கோவம். இல்லாத அண்ணனுக்காக வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பட்டினி கெடந்தேன். அவரு விசேஷ வீட்டுக்குப் போறதில்லன்னு நீங்க சொன்னீங்கள்லா, அன்னைக்கு நான் சோறு திங்கல."

"மன்னிச்சிருங்க"ன்னான் அவன்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு முடிச்சிரலாம். முருகன்கிட்ட என்ன சொல்ல? கழுகுமலைக்கு நேந்திருக்கேன். அண்ணனுக்கு முடி வளந்துட்டா, அந்த முடிய அப்படியே ஒனக்கு எறக்கச் சொல்லுதேன்னு."

அப்ப எல்லாரும் ஒண்ணாத் திரும்பி என் தலையப் பாத்தாங்க.

"எனக்கு வளரலயேம்மா"ன்னேன். "இருந்ததுதான இது. சாமிக்குத் தெரியும்லா."

"வளந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? ஆறு மாசமான்னு சொன்னீங்கள்லா. நேந்தது நேந்ததுதாங்கண்ணே. அது முடியாம நான் இவருக்கு ஒரு பதிலும் சொல்ல மாட்டேன்."

சீனிராஜ் என்னையப் பாத்தான். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம் தம்பி. நான் யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லப் போனேன். அதுக்குள்ள அடுப்படியில இருந்து குரல் வந்துருச்சு. "அவரு வருவாரு. என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

போனோம். கழுகுமலையில மொட்டை போடுதவரு என் தலையில தண்ணி தெளிச்சுட்டு, "ரொம்ப நாளைய வேண்டுதலோ, இவ்ளோ அடர்த்தியா வளத்திருக்கீங்க"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. அவரு தெளிச்ச தண்ணிதான். பக்கத்துப் பலகையில சீனிராஜ் தானா வந்து உக்காந்தான். அவன யாரும் சொல்லல. அந்தக் கொத்து ஒரே இழுப்புல கீழ விழுந்துச்சு. எத்தன வருசமா அத அங்கயும் இங்கயும் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சான். விழுந்ததப் பாத்துச் சிரிச்சான் தம்பி. நல்லா வாய் விட்டுச் சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சு நான் கண்டதில்ல.

அவன் தலை என்ன அம்சமா இருந்துச்சு தெரியுமா. வெளக்கி வச்ச சொம்பு மாதிரி. என் தலையில மேடும் பள்ளமும் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். செல்வரதி சந்தனம் கரைச்சு எடுத்துட்டு வந்து அவன் தலையில தடவி விட்டுச்சு, ஒரு ஓரத்தக் கூட விட மனசில்லாம. அதான் அது சொன்ன பதில். எனக்கு எங்க வீட்டுக்காரி தடவுனா. கொஞ்சம் அழுத்தித்தான் தடவுனா.

ஆவணியில கல்யாணம். சீனிராஜ் மொட்டைய அப்படியே வச்சுக்கிட்டான், வாரத்துக்கு ரெண்டு தடவை மழிச்சுக்கிடுதான். மேடையில எல்லாப் போட்டோவுலயும் முன்னாலதான் நின்னான். தொப்பி எல்லாத்தையும் கம்பெனி வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டான். அண்ணன் இல்லாத கொறைக்கு மாப்பிள்ளைத் தோழனா நான் நின்னேன். போட்டோக்காரரு, "மாப்பிள்ளை, மாமனாரு, தோழன், மூணு பேரும் ஒண்ணா நிக்காதீங்க, லைட்டு எதிரடிக்கு"ன்னாரு. முருகலெட்சுமி இன்னும் அந்த ஆல்பத்த எடுத்துப் பாத்துத் தனியாச் சிரிக்கா. என்ன சிரிப்போ.

எனக்குப் பெறவு வளராம இருக்குமா. நம்ம தலையாச்சே. பொங்கலுக்குள்ள கருகருன்னு பழையபடி வந்துருச்சு. ஒருநாள் மருந்துக்கடைக்கு மிட்டாய்ப் பெட்டி எறக்கப் போயிருந்தேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி மட்டும் இருந்தாரு. வந்ததுல இருந்து என் தலையவே பாத்தாரு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. பொய்யும் தெரியும், மொட்டையும் தெரியும், எறக்குன அன்னைக்குப் பக்கத்துல நின்னு பாத்த மனுசன். கடை வாசல ஒருதடவை எட்டிப் பாத்தாரு. மக இல்ல. மெதுவா எங்கிட்ட வந்து, காதுகிட்ட குனிஞ்சு கேட்டாரு.

"அய்யாத்துரை. யாருட்டயும் சொல்ல மாட்டேன். இப்ப என்ன போடுத?"

பெரிய மனுசன், ஆசையாக் கேக்காரு. என்ன செய்ய? வெந்தயமும் கருவேப்பிலையும் அரைச்சு, நல்லெண்ணெயில போட்டு மூணு நாள் வெயில்ல வச்சுத் தேய்க்கச் சொன்னேன். இப்பத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. காதுக்கு மேல லேசா கறுப்பு தட்டுத மாதிரி இருக்குன்னு நேத்துப் போன் பண்ணாரு.

நீங்களும் ஒண்ணு செய்யுங்க தம்பி, பேனா இருக்கா?